எண் சொல்லி ஃபைல் கேட்ட கிராணி ஐயா

அன்று காலை நான் முதலில் பார்த்தது சைக்கிளின் இருக்கையில் இருந்த பனி. மலாக்காவின் காஜா பேராங்கில் கிராணி ஐயா வீட்டு வாசலில், வேலியோரம் அது எப்போதும் போலச் சாய்ந்திருந்தது. நான் போகும் நேரத்துக்கு அவர் அந்த இருக்கையை உள்ளங்கையால் துடைத்து முடித்திருப்பார். அன்று துடைக்கவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலிக்கு வெளியிலேயே நின்றேன். யாரையும் கூப்பிட எனக்குக் கூச்சம்.

ஐயாவின் மனைவி காமாட்சி அம்மா கதவைத் திறந்தார். கூந்தலை முடியாமல் இருந்தார். "இன்னிக்கு வேலை இல்லம்மா. ஐயா போயிட்டாரு," என்றார். விடியும்போது நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லித் தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

மலாக்கா டவுனில் தையல்கடையின் பக்கவாட்டில் மேசை போட்டு மனு எழுதிய கிராணி வேலாயுதம் ஐயாவை உங்களில் பலருக்குத் தெரியும். சுதந்திரம் வந்த பிறகு குடியுரிமைக்கு மனுப் போடச் செமாபோக்கிலிருந்தும் உஜோங் பாசிரிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்து அவர் மேசைமுன் நின்றவர்கள் நீங்கள். என்னை உங்களுக்குத் தெரியாது. மேசைக்குப் பின்னால் தொங்கிய நீலத் துணித் திரைக்கு உள்ளே இருந்தவள் நான். நீங்கள் 'ரேடியோ' என்று கேலி செய்த குரல் என்னுடையது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு என்னைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பும் பேச்சு வரவில்லை. கிராணி ஐயா ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு அம்மா என்னை அழைத்துப் போனார்.

"வீடே தீப்பிடிச்சாலும் இது வாயைத் திறக்காதுங்க," என்று அம்மா என்னைப் பற்றிக் குறையாகச் சொன்னார்.

"அப்படிப்பட்ட பிள்ளைதான் எனக்கு வேணும்," என்றார் ஐயா.

எதற்காக அப்படிச் சொன்னார் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவரிடம் கொடுத்தேன். திறந்து, தாளை விரலால் நீவி, படிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது. நான் அதைத் திருப்பி வைத்தேன். அவர் விரல் நின்றது.

"பார்த்துட்டியா?"

"ம்."

"வெளிச்சம் தெரியுது. ஆள் நிழல் மாதிரி தெரியுது. எழுத்து தெரியல. மனு எழுதுறவனுக்குக் கண்ணு இல்லன்னு தெரிஞ்சா உரிமத்தை எடுத்துக்குவாங்க. அப்புறம் காமாட்சியும் நானும் எங்க போறது?" ஃபைலை மூடிவிட்டு, "நீ யார்கிட்டயும் சொல்லமாட்டே, இல்ல?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அது அவருக்குத் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. "சொல்லமாட்டேன்," என்றேன். அந்த ஒரு சொல்லுக்குள் அவரும் நானும் இத்தனை காலமும் அடைபட்டுக் கிடந்தோம்.

காலையில் நாங்கள் ஒன்றாக டவுனுக்கு நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் சைக்கிளின் ஒரு பக்கம், நான் மறுபக்கம். கைப்பிடியின் முன்பகுதியைப் பிடித்தபடி நான் நடப்பேன். சைக்கிள் திரும்பும் பக்கம் அவர் திரும்புவார். அது நின்றால் நிற்பார். ஒரு நாளும் அதில் ஏறி ஓட்டியதில்லை. கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் விடமாட்டார்கள்.

"என்னா கிராணி, சைக்கிளுக்கு நடை பழக்கிவிடுறீங்களா?"

"வயசாயிடுச்சுப்பா அதுக்கு. ஏறி உட்கார மனசு வரல," என்பார்.

எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது எனக்கு மட்டும் தெரியும். லாரி ஒன்று ஒலி எழுப்பிவிட்டால் அவர் பக்கத்துக் கைப்பிடி நடுங்குவது என் கைவரை வரும்.

ஃபைல் எடுக்கும் முறை அவரே உண்டாக்கியது. ஆள் வந்து பெயரைச் சொன்னதும் திரைப்பக்கம் தலையைத் திருப்பாமலே, "'ம' வரிசை," என்பார். நான் உள்ளே அந்த வரிசையை இழுத்து வைத்துக்கொண்டு, மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துச் சொல்வேன். "ஒன்று, மாரிமுத்து, செமாபோக், குடியுரிமை. இரண்டு, மாரிமுத்து, உஜோங் பாசிர், வீட்டு வரி. மூன்று, முனியம்மா, பிறப்புப் பத்திரம். நான்கு, முனுசாமி, சம்பளப் பாக்கி." கடைசிப் பெயர்வரை கேட்பார். பிறகுதான், "இரண்டு," என்பார். திரைக்குக் கீழே கையை நீட்டிக் கொடுப்பேன். சில நாள் "ஒன்றும் மூன்றும்" என்று சேர்த்துக் கேட்பார். வேண்டியது அதில் இல்லையென்றால், "பூஜ்யம்," என்பார். அப்படியென்றால் அந்த வரிசையை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். இல்லாத எண்ணைத் தவறிச் சொல்லிவிட்டால் நான், "அது இல்லை," என்று முதலிலிருந்து மறுபடி தொடங்குவேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

வந்த ஆள் யார் என்பதை நான் திரை இடுக்கில் பார்த்துவிடுவேன். எந்த ஃபைல் என்பதும் எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒருமுறை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, அவர் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டிவிட்டேன். அவர் வாங்கவில்லை.

"வரிசையைச் சொல்லு," என்றார். சொன்னேன். நான் நீட்டிய அதே ஃபைலின் எண்ணைத்தான் சொன்னார்.

வந்தவர் போன பிறகு மெதுவாகப் பேசினார். "நீ சொல்லணும். நான் எடுக்கணும். அந்த ஒண்ணையாவது எனக்கு விட்டுவை, பிள்ளே."

இந்த முறை ஊருக்குப் பிடித்துப்போனது. பெரிய ஆபீசில்கூட இப்படி இல்லை என்று பேசிக்கொண்டார்கள். காகிதத்தைப் பார்க்காமலே எண் சொல்லி எடுக்கிறார், என்ன ஞாபகசக்தி என்றார்கள். "கிராணி, உங்க ரேடியோவுக்கு இன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கு போல," என்பார்கள். "பேட்டரி தீர்ந்துபோச்சு," என்பார் ஐயா. அன்று மாலை போகும் வழியில் எனக்குச் சூடாக ஒரு மைலோ வாங்கித் தருவார்.

எப்படித் தட்டச்சு செய்தார் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் கண் வேண்டியதில்லை. இளம் வயதில் பழகிய விரல்கள், இங்கிலீஷோ மலாயோ தாமாக ஓடும். ஆட்களிடம், "பத்திரத்தை அங்க வை. நடந்ததை வாயால சொல்லு," என்பார். பத்திரத்தை என்னிடம் தள்ளிவிடுவார். அதிலுள்ள எண்களையும் பெயர்களையும் நான் உள்ளிருந்து எழுத்துக்கூட்டிச் சொல்வேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் வழி இல்லை. அவரால் பார்க்க முடியாது, பார்த்தாலும் எனக்குப் புரியாது. கையெழுத்துப் போடும் இடத்தில் நான் அடிக்குச்சியை வைப்பேன், அதன்மேல் பேனாவை ஓட்டுவார்.

இதனால்தான் அஞ்சலை அக்காவின் மனு அப்படி ஆனது.

அஞ்சலை அக்கா செமாபோக்கில் இருக்கிறார். புருஷன் இறந்துபோனவர். குடியுரிமைக்கு மனு எழுதி வாங்கிக்கொண்டு போனவர் மறுவாரம் திரும்பி வந்தார். வரும்போதே சத்தம் கேட்டது. தையல்கடைக்காரச் சீனர்கூட மெஷினை நிறுத்திவிட்டார்.

"என்னாங்க கிராணி இது? ஆபீசில பெரியவரு படிச்சுப் பார்த்துட்டு, இது எந்த நாட்டுப் பாஷைன்னு கேக்குறாரு. பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டுறாரு. ரெண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறாங்க. நான் நடுவில நிக்கிறேன், பைத்தியக்காரி மாதிரி!"

"கொண்டா பார்ப்போம்," என்று ஐயா கையை நீட்டினார். அது வெறும் பழக்கத்தில் வந்த சொல். அக்கா தாளைக் கையில் கொடுத்துவிட்டார்.

"பாருங்க. நீங்களே படிச்சுச் சொல்லுங்க. இத்தனை பேர் இருக்காங்க, சத்தமாவே படிங்க."

மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். ஐயா தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். இம்முறை தலைகீழாக இல்லை. அவர் கழுத்தின் பின்பக்கம் வியர்வை இறங்குவது திரை இடுக்கில் தெரிந்தது. வெளியே போனால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். போகாவிட்டால் எல்லாரும் அவரைப் பார்த்துவிடுவார்கள்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அடியாத்தே, இந்தக் குட்டிதானா ரேடியோ?" என்றார் அஞ்சலை அக்கா. "நான் நாப்பது வயசுப் பொம்பளைன்னுல்ல நெனச்சேன்!"

தாளை ஐயா கையிலிருந்து வாங்கினேன். அதற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. "நான் எழுத்துச் சொல்றேன், ஐயா சரிபார்ப்பார்," என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"சொல்லு," என்றார் ஐயா உடனே.

"எஃப், ஆர், எஸ், டீ."

அவர் விரல்கள் வெறும் மேசைமேல் அசைந்தன. ஒரு முறை அசைத்தார். மறுபடி அசைத்தார். பிறகு கையை ஒரு விரல் அளவு இடப்பக்கம் நகர்த்தி வைத்து அசைத்தார். அப்போது அவருக்கு வந்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அம்மா அஞ்சலை, உன் மனுவில ஒரு குறையும் இல்ல. தாளைச் செருகினதும் யாரோ வந்தாங்கன்னு எழுந்து வணக்கம் சொல்லிட்டு உட்கார்ந்தேன். கையைத் தப்பான கட்டையில வச்சுட்டேன். 'டியர்'னு தொடங்குற எழுத்தெல்லாம் ஒரு வீடு தள்ளிக் குடியேறிடுச்சு. எல்லாரையும் அவங்கவங்க வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுறேன்."

"எங்கிட்டக் குடியுரிமை இல்லன்னு வந்தா, உங்க எழுத்துக்குமா வீடு இல்ல?" என்றார் அக்கா. கூட்டமே சிரித்தது. அவர் கோபம் அதோடு போயிற்று. ஐயா அங்கேயே உட்கார்ந்து புதிதாகத் தட்டிக் கொடுத்தார். நான் திரைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை கடிதங்களுக்கு முத்திரை வைக்கும் அரக்கை உருக்கி, விரல்கள் முதலில் நிற்கவேண்டிய இரண்டு கட்டைகளிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். அவர் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு பயம் கூடிவிட்டது. ஒவ்வொரு ஆளும் தாளோடு வரும்போது அவர் தோள் விறைப்பதைப் பார்ப்பேன். எனக்கு உடம்பு சரியில்லாத நாளில் அவருக்கும் 'உடம்பு சரியில்லை'. என் பெரியம்மா மகள் கல்யாணத்துக்குச் சிரம்பானுக்கு எல்லாரும் போனார்கள், நான் போகவில்லை. தையல்கடைக்காரரின் மனைவி என்னைத் தையல் மெஷினில் உட்கார்ந்து பழக வா என்று கூப்பிட்டார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். ஃபைல் எடுக்கப் போவதுபோலத் திரைக்குள் போய்விட்டேன். திரைக்குள் ஜன்னல் கிடையாது. மதியத்தில் அலமாரியின் மரவாசமும் பழைய காகித வாசமும் சேர்ந்து மூச்சை அடைக்கும். சில நாள் வெளியே ஓடிவிடலாமா என்று இருக்கும். அப்போதுதான், "'க' வரிசை," என்று குரல் வரும்.

அவருக்கு இது தெரியாமல் இல்லை. மழை பெய்து ஆள் வராத ஒரு மத்தியானம் திரைப்பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நான் உன்னைப் பூட்டி வச்சிருக்கேன். தெரியும் எனக்கு."

நான் 'ச' வரிசையை அடுக்கத் தொடங்கினேன்.

"போறேன்னு சொன்னா நான் தடுக்கமாட்டேன். ஆனா நானா உன்னைப் போகச் சொல்லமாட்டேன், பிள்ளே. எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்ல."

மழைச் சத்தம் அதிகமாக இருந்தது. அவர் காத்திருந்தார். பிறகு ஒருவர் குடையை உதறிக்கொண்டு வந்தார். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. அவரை நல்லவர் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எனக்கு அவரிடம் பிடித்தது அன்று அவர் சொன்ன அந்த உண்மைதான்.

சாவு வீட்டில் கூட்டம் நிறைய. பக்கத்துத் தெருச் செட்டி வீட்டுப் பாட்டியம்மா, தலைமுறைகளாக மலாயே பேசும் குடும்பம், தமிழ் தெரியாதவர், காமாட்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓராங் பாயிக், ஓராங் பாயிக்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்று. ஆண்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஐயாவின் ஞாபகசக்தியைப் பற்றிப் பேசினார்கள். பார்க்காமலே எடுப்பாரே, பார்க்காமலே எடுப்பாரே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் தண்ணீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவே போய்வந்தேன்.

கருமாதி முடிந்து பாத்திரம் கழுவும்போது காமாட்சி அம்மாவிடம் கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது. "யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"இனிமே மறைச்சு யாருக்கு ஆகணும்? உரிமத்தைச் சுவரிலிருந்து கழட்டியாச்சு. கேட்டா சொல்லு, எழுதணும்னாலும் எழுது," என்றார். ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லாத்தான் ஏமாத்தினீங்க ஊரை," என்று சிரித்தார். பிறகு அழுதார்.

ஐயாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது எது என்று யோசித்துப் பார்த்தேன். பொருள் எதுவும் இல்லை. கடைசிப் பெயர்வரை கேட்பாரே, அதை வைத்திருக்கிறேன். தனக்கு வேண்டியது இரண்டாவதாகவே வந்துவிட்டது என்று தெரிந்தும், மீதிப் பெயர்களை நான் சொல்லி முடிக்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். "பேர் ஒண்ணா இருக்கும், கஷ்டம் ஒண்ணா இருக்காது," என்பார். நான் பேசும்போது நடுவில் குறுக்கிடாமல் கேட்ட ஒரே ஆள் அவர். நான் பேசியதெல்லாம் மற்றவர்களின் பெயர்கள்தான் என்றாலும், என் பேச்சைக் கடைசிவரை ஒருவர் கேட்டார் என்பது என்னிடம் இருக்கிறது.

ஐயாவின் மேசையையும் தட்டச்சு மெஷினையும் அலமாரியையும் இப்போது வேறொரு கிராணி எடுத்துக்கொண்டிருக்கிறார். தம்பிராஜா என்று பெயர். வயது குறைந்தவர், மூக்குக் கண்ணாடிகூட இல்லை. எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசினார்.

"அந்த ரேடியோ முறை சனங்களுக்குப் பிடிச்சுப்போச்சுங்க. அதை மாத்தக்கூடாது. அலமாரி, மெஷின், உங்க பிள்ளை, மூணும் சேர்ந்தாத்தான் அது கிராணி கடை."

அம்மா தலையாட்டிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் நானும் போய்த் திரைக்குள் உட்கார்ந்தேன். வெளியே ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். அதே மரவாசம், அதே இருட்டு. தம்பிராஜா கிராணி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஐயாவைப் போலவே தலையைத் திருப்பாமல், நாடகத்தில் பேசுவது போலக் குரலை இழுத்து, "'அ' வரிசை," என்றார்.

நான் வரிசையை இழுத்தேன். முதல் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமல் எழுந்து வெளியே வந்தேன்.

"என்னா பிள்ளே, உள்ள போ," என்றார் அவர்.

"வேலாயுதம் ஐயாவுக்குக் கண் தெரியாது," என்றேன். நின்றிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. "அதனாலதான் நான் பேர் படிச்சுச் சொன்னேன். உங்களுக்குக் கண் தெரியுது. நீங்களே பார்த்து எடுத்துக்குங்க."

அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தேன்.